பிடியரிசிப் பானை

உலைக்கு அரிசி இடுமுன், சுளகிலே கிடக்கும் அரிசியில் ஒரு பிடியை அள்ளி, அடுக்களை மூலையில் இருக்கும் சிறு பானையொன்றில் இட்டு வைப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். அந்தப் பிடியை எடுத்ததனால் வீட்டில் எவருக்கும் சோறு குறைந்ததில்லை. ஆனால், பானை நிறைந்ததும் கோயிலுக்கோ, மடத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, அடுத்த ஒழுங்கையில் நோயுற்றுக் கிடந்த ஓர் ஏழைக்கோ அவ்வரிசி போய்ச் சேர்ந்தது. 'பிடியரிசி' என்று இதற்குப் பெயர். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், அதனை நடத்துதற்கு வீடுதோறும் சேர்ந்த பிடியரிசியையும் துணையாகக் கொண்டார் என்பதை நாம் அறிவோம். ஒரு பிடி அரிசியால் ஒரு கல்விக்கூடம் நின்ற நாடு இது.

இன்று உலகெங்கும் 'உணவு வங்கி' என்ற பெயரால் ஒரு தருமம் பேசப்படுகின்றது. மிகுந்த உணவை ஓரிடத்திற் சேர்த்து, இல்லாதவர்க்கு ஒழுங்காகப் பகிர்ந்தளிப்பதே அதன் தொழில். இதனைப் புதுமை என்று கேட்டு வியப்போர் பலர். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இது பெயரளவிலேதான் புதிது. நம்மிடம் இருந்த நல்ல வழக்கம் எங்கே தளர்ந்தது, அதனை எவ்வாறு மீண்டும் நிமிர்த்தலாம் என்பதே ஈண்டு நாம் சிந்திக்க வேண்டுவது.

மணிபல்லவத்துப் பாத்திரம்

பசிப்பிணி தீர்த்தலையே பொருளாகக் கொண்ட காப்பியம் மணிமேகலை. அதிலே வரும் மணிபல்லவத் தீவு, குடாநாட்டை அடுத்த நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுவர். நாகபூஷணி அம்மன் கோயிலை நாடி வருவோர்க்கு அத்தீவிலே 'அமுதசுரபி' என்னும் பெயராலேயே அன்னதானம் வழங்கப்பட்டு வருகின்றது.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலை பெற்ற கதையை மாணவர் யாவரும் அறிவர். ஆனால், அவளுக்கு முன் அதனை வைத்திருந்த ஆபுத்திரனின் கதையைப் பலர் ஊன்றிப் படிப்பதில்லை. பாண்டி நாட்டிலே மழை பெய்து வளம் பெருகவே, ஆபுத்திரனிடம் உணவு கேட்டு வருவார் இல்லாமற் போயினர். சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேள்வியுற்று அவன் கப்பலேறினான். இடைவழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாது, கப்பல் இரவிலே பாய் விரித்துச் சென்றுவிட்டது. ஆளில்லாத் தீவிலே, கையிலே குறையாத சோற்றுப் பாத்திரத்துடன் அவன் தனித்து நின்றான். பிறர் பசியைத் தீர்க்க உதவாத பாத்திரத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்ப அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இக்கதையில் ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. உணவு இருப்பது மாத்திரம் போதாது. அது பசித்தவனிடம் சென்று சேர வேண்டும். பாத்திரம் ஓரிடத்திலும் பசி வேறிடத்திலும் இருந்தால், அமுதசுரபியே ஆனாலும் பயனில்லை. இன்றைய உலகின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 2024 ஆம் ஆண்டிலே உலகில் 67 கோடி மக்களுக்கு மேற்பட்டோர் பசியால் வாடினர் என ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புக்கள் மதிப்பிட்டுள்ளன. 2022 ஆம் ஆண்டில் வீடுகளிலும் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வீணாக்கப்பட்ட உணவோ 105 கோடி தொன். நுகர்வோரை எட்டிய உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு குப்பைக்குப் போயிற்று.

கஞ்சித் தொட்டி

குடாநாடு ஆறில்லாத நாடு. சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்த மண்ணும், அக்கல்லிடையே தேங்கும் கிணற்று நீருமே நம் செல்வம். நெல்வயல்கள் பெரும்பாலும் மாரி மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் தையிலே அறுவடையும் பொய்க்கும். ஆதலின், வன்னியிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியையே நம் முன்னோர் பெரிதும் நம்பியிருந்தனர். பனங்கிழங்கை ஒடியலாகவும், பனம்பழக் களியைப் பனாட்டாகவும் உலர்த்திச் சேமித்து வைத்தது சுவை கருதி மட்டுமன்று, பஞ்சம் கருதியுமாம்.

1870 களின் பிற்பகுதியிலே தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தையும் பஞ்சம் பற்றியது. வாந்திபேதியும் உடன் வந்தது. அரசாங்க அதிகாரிகள் மக்களின் துன்பத்தைப் பாராமுகமாய் இருந்ததை நாவலர் எழுத்திலும் பேச்சிலும் வன்மையாகக் கண்டித்தார். கண்டித்ததோடு அமைந்தாரல்லர். 1877 ஆம் ஆண்டிலே ஊராரிடம் பொருள் திரட்டிக் கஞ்சித் தொட்டித் தருமத்தைத் தொடங்கி, பசித்து வந்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பஞ்சம் மீண்டும் வாராதிருக்க வேளாண்மையும் வணிகமும் பெருக வேண்டும் எனக் கண்டு, விவசாய வர்த்தகக் கம்பனி ஒன்று உருவாவதற்கும் முன்னின்று உழைத்தார். கஞ்சி இன்றைய பசிக்கு, கலப்பை நாளைய பசிக்கு என்ற இந்த இரட்டை நோக்கை நாம் மறத்தலாகாது.

அதற்குப் பத்தாண்டு முன்னர், 1867 ஆம் ஆண்டிலே வடலூரில் இராமலிங்க வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாது எரிகின்றது. கடலின் இரு கரையிலும் சைவத் தமிழர் இருவர் ஏறக்குறைய ஒரே காலத்திற் பசியை முதற் பகையாகக் கண்டமை நினைந்து மகிழத்தக்கது.

கூப்பனும் வரிசையும்

இருபதாம் நூற்றாண்டிலும் பசி நம்மை விட்டகலவில்லை. 1942 ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியும் மரவள்ளியும் குரக்கனும் வீடுகளை ஆண்டன. 1953 ஆம் ஆண்டு, ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடெங்கும் நடந்த ஹர்த்தாலின் பின்னர், பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறக்க நேர்ந்தது. ஒரு கொத்து அரிசி ஓர் ஆட்சியை அசைத்த வரலாறு அது.

போர்க்காலத்துப் பசியோ இதனினும் கொடிது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடு வாசல் துறந்து நடந்தபோதும், 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் கப்பல் வரவையே குடாநாடு எதிர்பார்த்திருந்தபோதும், சங்கக்கடை வாயிலில் நின்ற நீண்ட வரிசைகளை எவரும் மறந்திரார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே அரிசியும் நீரும் சேர்ந்த வெறுங் கஞ்சியே பல்லாயிரவர் உயிரைத் தாங்கிற்று. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சி ஊரவர் பகிர்ந்து குடிப்பது அந்த நினைவாலேயாம்.

பின்னர் 2022 வந்தது. இரசாயன உரத்துக்கு 2021 இல் விதிக்கப்பட்ட தடையால் விளைச்சல் குன்றியிருந்தது. அந்நியச் செலாவணி வற்றிப் பொருட்களின் வரவும் தடைப்பட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, முன்னைய ஆண்டின் அதே மாதத்தை நோக்க, 94.9 வீதம் உயர்ந்தது. இலங்கையில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவுக்கு உறுதியற்றவராயினர் என உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அவ்வாண்டிற் கூறின.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 இல் மிகக் கடுமையான மாதங்களிலும் சந்தையில் அரிசி இருந்தது. வாங்கும் கையிற் பணம் இல்லை. 1943 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981 இல் வெளியிட்ட நூலில் இதனையே விளக்கினார். உணவு அருகுவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. உணவைப் பெறும் வலிமையை ஒரு சாரார் இழப்பதாலும் வரும் என்பது அவர் கண்ட முடிவு. நாட்கூலி நின்றவர், கடலுக்குப் போக எண்ணெய் வாங்க முடியாத மீனவர், கணவரைப் போரில் இழந்து தனித்துக் குடும்பம் தாங்கும் தாய்மார் ஆகியோரே முதலில் வீழ்கின்றனர்.

உணவு வங்கி பிறந்த கதை

1960 களிலே அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் யோன் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சூப் வழங்கும் சாலையொன்றில் தொண்டு செய்து வந்தார். பல பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய், கடைகளின் பின்புறத்தில் எறியப்படும் நல்ல உணவைப் பொறுக்கியே தன் பிள்ளைகளை வளர்ப்பதாக அவரிடம் கூறினாள். பணத்தை இட்டு எடுப்பதற்கு வங்கி இருப்பது போல, உணவை இட்டு எடுப்பதற்கும் ஓரிடம் இருந்தால் நன்று என்றும் சொன்னாள். அச்சொல்லை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். புனித மரியாள் ஆலயப் பங்கினர் பழைய வெதுப்பகக் கட்டடம் ஒன்றைக் கொடுத்துதவ, 1967 ஆம் ஆண்டில் முதல் உணவு வங்கி எழுந்தது. 1984 இல் பாரிசிலும் ஒன்று தோன்றிற்று. இன்று பல நாடுகளில் அவை பரந்துள்ளன.

அன்னதானத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அன்னதானம் வந்தவர்க்கு ஊட்டுகின்றது. உணவு வங்கியோ யார் வரவில்லை என்று தேடுகின்றது. அன்னதானம் ஒரு வேளைப் பசியை ஆற்றுகின்றது. உணவு வங்கி மாதம் முழுவதற்கும் கணக்கு வைக்கின்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

குடாநாட்டில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை 'அன்னதானக் கந்தன்' என்றே ஊரார் அழைப்பர். அங்குள்ள மடங்களில் அடுப்பு ஓய்வதில்லை. சந்நிதியான் ஆச்சிரமம் அன்னதானத்தோடு நில்லாது, நோயாளர்க்கும் வறிய மாணவர்க்கும் உதவி வருதல் யாவரும் அறிந்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் தண்ணீர்ப் பந்தல்கள் நிறைகின்றன. சித்திரைப் பௌர்ணமியிலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்க்கின்றோம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களிலே கஞ்சி காய்ச்சுகின்றனர். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் டி போல் சபையினர் ஏழைகளின் வீடு தேடிச் செல்கின்றனர். புலம்பெயர்ந்த உறவினரும் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் பணம் அனுப்பி அன்னதானம் செய்விக்கின்றனர்.

இத்தனை இருந்தும் பசி ஏன் ஒழியவில்லை?

பசியும் மானமும்

கல்லூரி ஆசிரியராகிய நாம் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் உணவுப் பெட்டிகளைத் திறப்பர். ஓரிருவர் மட்டும் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போவர். வாய் கழுவுவதுபோல நின்று, நிறையத் தண்ணீர் குடித்து, மணி அடிக்குமட்டும் விளையாட்டுத் திடலில் உலாவித் திரும்புவர். கேட்டால், "காலையில் நிறையச் சாப்பிட்டனான், சேர்" என்பது மறுமொழி. அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புக்களோடு நின்றுவிடுகின்றது. வளர்ந்த பிள்ளையின் பசிக்கோ, பசியிலும் பெரிதாக வெட்கம் காவல் நிற்கின்றது.

அந்தப் பிள்ளையின் தாய் திருவிழாப் பந்தியில் வந்து உட்காரமாட்டாள். நேற்றுவரை பிறர்க்கு ஒரு சுண்டு அரிசி கடன் கொடுத்த வீடு அவளுடையது. இன்று கையேந்துவதைக் காட்டிலும் அடுப்பை மூட்டாதிருப்பதே மேல் என அவள் எண்ணுவாள். நம் அன்னதானப் பந்தியில் இருப்போரில் வீட்டிலே நன்றாக உண்டு வந்தோர் பலர். உண்மையிற் பசித்தோர் பலர் அங்கே இல்லை. ஆபுத்திரனின் பாத்திரம் ஆளில்லாத் தீவில் நின்றது. நம் பாத்திரமோ வயிறு நிறைந்தோர் நடுவில் நிற்கின்றது.

அண்மைக் காலத்திலே இன்னொரு வழக்கமும் பரவியுள்ளது. அரிசிப் பையைக் கொடுக்கும்போது வாங்குபவரை நிறுத்தி, பையை இருவரும் பிடித்தபடி கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கின்றனர். அப்படம் கடல் கடந்தும் போகின்றது. பணம் அனுப்பியவர் கணக்குக் கேட்பது நியாயமே. அதற்குக் கடையின் பற்றுச்சீட்டும் பகிர்ந்த அளவின் பதிவும் போதும். ஒரு தாயின் தாழ்ந்த முகம் வேண்டியதில்லை. அப்படத்தை அவள் பிள்ளையின் வகுப்புத் தோழர் பார்ப்பர் என்பதைக் கொடுப்போர் நினைந்து பார்க்க வேண்டும். ஐந்து கிலோ அரிசியின் விலையாக ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்குதல் தருமம் ஆகாது.

முன்னாளிலே பந்தியிலும் சாதி பார்த்த குறை இம்மண்ணுக்கு உண்டு. அக்குறை எந்த வடிவத்திலும் மீண்டும் தலைகாட்டக் கூடாது. பசித்த வயிற்றுக்குச் சாதியும் சமயமும் இல்லை.

ஊருக்கொரு பானை

இனிச் செய்யத்தக்கது யாது? பெரிய கட்டடமும் பெரிய முதலும் வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் 100 வீடுகள் சேர்ந்தால் தொடங்கலாம். ஒரு பிடி அரிசியை 40 கிராம் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 கிலோ. மாதத்துக்கு 120 கிலோ. ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ கொடுத்தால் ஆறு குடும்பங்களின் அடுப்பு எரியும். கொடுத்த வீட்டுக்கோ மாதம் 1,200 கிராம் அரிசியே செலவு. அரிசியோடு பருப்பும் தேங்காயும் எண்ணெயும் சேர்ப்பின் அது நிறைவான உணவாகும்.

சேர்த்ததை வைக்க ஈரமும் எலியும் புகாத ஓர் அறை வேண்டும். சனசமூக நிலையமோ, சங்கக்கடையின் ஒரு மூலையோ, கோயில் மடமோ அதற்குப் போதும். வரவும் செலவும் ஒரு கொப்பியில் எழுதப்பட்டு எவரும் பார்க்கும்படி இருத்தல் வேண்டும். ஆனால், பெற்றவர் பெயர் எழுதிய கொப்பி வேறாக, இருவர் மூவர் கையில் மட்டும் இருத்தல் வேண்டும். முந்தி வந்த அரிசி முந்திப் போக வேண்டும். வண்டு பிடித்ததை ஏழைக்குக் கொடுப்பது கொடையன்று.

கல்யாண மண்டபங்களில் எஞ்சும் சோற்றையும் கறியையும் பற்றி ஒரு சொல். நம் வெயிலிலே சமைத்த உணவு விரைவிற் கெடும். பரிமாறாது பாத்திரத்தில் எஞ்சியதை மட்டும், சூடு ஆறிக் கிடக்க விடாமல், இரண்டு மணி நேரத்துள் உண்பவரிடம் சேர்க்க இயலுமானால் அனுப்பலாம். அதற்கு முன்னரே ஆளும் வாகனமும் ஒழுங்கு செய்திருத்தல் வேண்டும். அன்றேல், விருந்துக்குச் சமைக்கும் அளவைக் குறைத்து, மிச்சமாகும் பணத்துக்கு உலர் உணவு வாங்கிக் கொடுப்பது இன்னும் சிறந்தது. திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளில் விலை வீழ்ந்த நாட்களிலே மிஞ்சும் மரக்கறியும் இவ்வாறே வீணாகாமற் பயன்படலாம். தோட்டக்காரனுக்குச் சிறுவிலையேனும் கொடுத்து வாங்கினால், அவன் வீட்டு அடுப்பும் எரியும்.

மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. வகுப்புக்கு ஒரு பானை வைத்து, வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அரிசியைச் சேர்க்கலாம். கணக்கு எழுதவும், மூட்டை தூக்கவும், பொழுது சாய்ந்தபின் ஓசையின்றி ஒரு வீட்டுப் படலையடியில் பையை வைத்து வரவும் இளங் கைகள் வேண்டும். கொடுத்தவர் யார் என்று வாங்குபவரும், வாங்குபவர் யார் என்று ஊரும் அறியாதிருப்பதே மேலான கொடை.

கஞ்சிக்குப் பின் கலப்பை

உணவு வங்கி பசியைத் தாங்கும். அதனாலே பசி முற்றாக ஒழியாது. செல்வம் மிகுந்த மேல்நாடுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை நடந்தும் அங்கே வரிசைகள் குறைந்தபாடில்லை. வேலை, நியாயமான கூலி, கடனிலிருந்து விடுதலை, அரசின் உதவி உரியவரைத் தவறாது சேர்தல் ஆகிய இவை இல்லாதவிடத்துப் பானை எத்தனை நிறைந்தாலும் போதாது. ஏழைக்கு உதவும் அரசுத் திட்டங்களில் பெயர் விடுபட்ட குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மேன்முறையீடு செய்ய உடன் செல்லுதலும் அன்னதானமேயாம். தரிசாய்க் கிடக்கும் வளவிலே முருங்கையும் பசளியும் மரவள்ளியும் நட உதவுதலும் அன்னதானமேயாம். ஒரு தாய்க்குத் தையல் இயந்திரமோ, ஒரு மீனவனுக்கு வலையோ வாங்கிக் கொடுப்பின், மறு ஆண்டு அவ்வீட்டின் பெயர் பெறுவோர் கொப்பியிலிருந்து கொடுப்போர் கொப்பிக்கு மாறும். கஞ்சித் தொட்டியை நடத்திய நாவலர் வேளாண்மைக்கும் வழி தேடியதன் கருத்து இதுவே.

ஆயினும், கலப்பை உழுது பயிர் விளையும் மட்டும் பிள்ளை பசித்திருக்க முடியாது. ஆதலின், இரண்டையும் ஒருங்கே செய்தல் வேண்டும். இவ்வாரம் ஒரு வீடு தொடங்கினால் அடுத்த வாரம் அயல்வீடு தொடரும். பெரிய தொண்டு நிறுவனங்களின் வரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அடுக்களையில் ஒரு சிறு பானைக்கு இடம் ஒதுக்குவோமாக. நாளை உலை கொதிக்குமுன் ஒரு பிடி அரிசி அதிலே விழட்டும்.